பெண் படமே இல்லாத பேப்பரை எப்படி ஒப்பிடுறது?

தோழி, இஸ்ரேல்ல வர்ற மதச்சார்பற்ற பேப்பர் ஒண்ணையும் ஹரேதி (மதக் கட்டுப்பாடுகளை ரொம்பத் தீவிரமா கடைப்பிடிக்கிற) யூத பேப்பர் ஒண்ணையும், பெண்களைப் படத்துல எப்படிக் காட்டுறாங்கன்னு ஒப்பிட எடுத்தீங்க, ரெண்டாவதுல பெண் படமே இல்ல, புராஜெக்ட் போச்சுன்னு எழுதியிருக்கீங்க. போகல. அந்த ஜீரோதான் உங்க டேட்டாவே. படத்தை மட்டும் எண்ணாம, செய்தியில பெண் பேரு வந்தும் படம் வராத இடத்தையெல்லாம் குறிச்சுக்கிட்டே வாங்க, அங்க என்ன வச்சு நிரப்பியிருக்காங்கன்னும் பாருங்க. 2009ல இஸ்ரேலோட புது அமைச்சரவை குரூப் போட்டோவுல இருந்த ரெண்டு பெண் அமைச்சர்கள எடுத்துட்டு அந்த இடத்துல ஆண்கள ஒட்டுச்சு யாதெத் நெஎமான்ங்கற ஹரேதி பேப்பர். 2015ல தீவிரவாதத் தாக்குதலுக்கு எதிரா நடந்த பாரிஸ் பேரணி படத்துல ஹமெவாசெர்ங்கற இன்னொரு ஹரேதி பேப்பர் ஏங்கலா மெர்க்கலையே அழிச்சுருச்சு, அப்போ ஜெர்மனி அரசோட தலைவர் அவங்க! இதை விட தெளிவான ஆதாரம் என்ன வேணும்?

ஆனா மதச்சார்பற்ற பேப்பர்ல பெண் படம் இருக்குங்கறதாலயே அது நல்லா காட்டுதுன்னு முடிவு கட்டிடாதீங்க ப்ளீஸ். ஸ்கேல் எடுத்து அளங்க: உச்சந்தலையில இருந்து தாடை வரைக்கும் உள்ள நீளத்தை, உச்சந்தலையில இருந்து படத்துல தெரியுற உடம்போட கடைசி வரைக்கும் உள்ள நீளத்தால வகுத்துடுங்க. 1ன்னு வந்தா முகம் மட்டும், குறையக் குறைய உடம்புக்கு முக்கியத்துவம். இப்படி அளந்து 1983ல வந்த ஆய்வுல ஆண்களுக்கு முகமும் பெண்களுக்கு உடம்பும்தான் தூக்கலா இருந்துச்சு. கேப்ஷனையும் விட்டுடாதீங்க, அவங்க பேரு, பதவி இருக்கா, இல்ல இன்னாரோட மனைவின்னு மட்டும் போட்டிருக்கான்னு அட்டவணையில தனி கட்டம் போட்டு குறிங்க. விளம்பரத்தை செய்திப் படத்தோட கலக்காதீங்க, ரெண்டுக்கும் கணக்கு வேற. ஒரே தேதி இதழ்களா எடுத்தா இன்னும் நல்லது, ஒரே சம்பவத்தை ரெண்டு பேரும் எப்படிப் போட்டாங்கன்னு பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கலாம்.