வாசகர் கேள்வி-பதில்: முட்டத்திலிருந்து ஜெரிக்வாக்வாராவுக்கு

கேள்வி: பிரேசிலில் வேலை பார்க்கும் என் மகன், வரும் ஆகஸ்டில் எங்கள் இருவரையும் ஜெரிக்வாக்வாரா என்ற கடற்கரை ஊருக்கு அழைத்துப் போவதாகச் சொல்கிறான். பிறந்தது முதல் கடலைப் பார்த்தே வளர்ந்த எங்களுக்கு அங்கே பார்க்கவும் செய்யவும் என்ன இருக்கிறது? (வாசகி, முட்டம்)

தயங்காமல் போய் வாருங்கள். கடலோரத்தில் வளர்ந்தவர்களுக்குத்தான் அந்த ஊரின் அருமை கூடுதலாகத் தெரியும். ஊர்க்காரர்கள் அதைச் சுருக்கி ‘ஜெரி’ என்பார்கள். வடகிழக்குப் பிரேசிலின் சியாரா மாநிலத்தில், தலைநகரான ஃபோர்டலேசாவிலிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவில், மணற்குன்றுகளுக்கு நடுவே இருக்கும் பழைய மீனவக் கிராமம் அது. ஊரைச் சுற்றியுள்ள பகுதி 2002 முதல் தேசியப் பூங்காவாகப் பாதுகாக்கப்படுகிறது. மின்சாரம் வந்ததே 1998இல்தான். இன்றும் தெருக்களில் தார் இல்லை, தெருவிளக்கும் இல்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, கடைகளிலிருந்து வரும் வெளிச்சத்தில் மணலில் நடந்துதான் இரவுச் சாப்பாட்டுக்குப் போக வேண்டும்.

மாலையில் எல்லோரும் கடற்கரைக்கு வந்துவிடுகிறார்கள். பிரேசிலின் கடற்கரை பெரும்பாலும் கிழக்கு நோக்கியது என்பதால், சூரியன் கடலில் இறங்குவதைக் காணும் இடங்கள் அந்நாட்டில் குறைவு. அவற்றுள் ஜெரி ஒன்று. இதற்கென்றே பெயர் பெற்ற ‘அந்திச் சூரியன் மணற்குன்று’, காற்று மணலைக் கடலுக்குள் தள்ளிக்கொண்டே இருப்பதால், முன்பிருந்த உயரத்தை வெகுவாக இழந்துவிட்டது. ஆனாலும் மக்கள் அங்கே கூடுகிறார்கள், சூரியன் மறைந்ததும் கைதட்டுகிறார்கள். இருள் கவியும்போது, இளைஞர்கள் மணலில் வட்டமாக நின்று, ஒற்றைக் கம்பி வாத்தியமான பெரிம்பாவின் ஒலிக்கேற்ப, சண்டைக்கலையும் நடனமும் கலந்த கப்போயிரா ஆடுவார்கள். கன்னியாகுமரியில் அஸ்தமனம் பார்த்துப் பழகிய எனக்கும் அந்தக் கைதட்டல் நெஞ்சைத் தொட்டது.

அலை அரித்துத் துளையிட்ட ‘பெட்ரா ஃபுராடா’ என்னும் பாறை வளைவுக்கு, கடல் வற்றும் நேரம் பார்த்துக் கரையோரமாகவே நடந்து போகலாம். ஜூலையில் அந்தத் துளைக்குள்ளேயே சூரியன் இறங்குவதைப் பார்க்கலாம். ஆகஸ்டில் அந்தக் காட்சி கிடைக்காது. அதற்கு ஈடாக உங்களுக்கு ஏரிகள் உண்டு. ஆண்டின் முற்பாதியில் பெய்யும் மழையால் மணற்குன்றுகளுக்கிடையே நிறையும் நன்னீர் ஏரிகள் ஆகஸ்டில் தெளிந்து கிடக்கும். அவற்றுள் பெரிய பெயர் பெற்ற பரைசோ ஏரியில், தண்ணீருக்குள் நட்ட கம்புகளில் ஊஞ்சல்வலை கட்டியிருக்கிறார்கள். இடுப்பளவு நனைந்தபடி அதில் படுத்திருப்பதைத் தவிர அங்கே செய்வதற்கு வேறு வேலையில்லை. ஒரு முழுப் பகலை அதற்கு ஒதுக்குங்கள். மேற்கே குரியூ ஆற்றின் அலையாத்திக் காட்டில் படகில் போய்க் கடற்குதிரைகளைப் பார்க்கலாம். இன்னும் அப்பால், மணல் மூடியதால் மக்கள் இடம்பெயர்ந்து புதிதாக அமைத்துக்கொண்ட தட்டஜூபா கிராமம் இருக்கிறது.

காற்று மட்டும் கடுமையாக இருக்கும். ஆரல்வாய்மொழியின் ஆடிக் காற்றை அறிந்த நமக்கு அது புதிதன்று. அந்தக் காற்றை நம்பித்தான் பக்கத்து ஊரான பிரேயாவுக்குப் பட்டம் கட்டி அலைமேல் சறுக்குபவர்கள் உலகெங்குமிருந்து வருகிறார்கள்.

கேள்வி: அங்கே நம் நாக்குக்குப் பிடித்த சாப்பாடு கிடைக்குமா? (வாசகர், மார்த்தாண்டம்)

கிடைக்கும். நம் மரச்சீனிக் கிழங்கின் தாயகமே தென்னமெரிக்காதான். போர்த்துக்கீசியர் வழியாக நம் கரைக்கு வந்த அக்கிழங்கை, 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா மக்களிடையே பரப்பினார். ஜெரியில் அதன் மாவை எப்படிச் சமைக்கிறார்கள் என்பதை ஒரு தெருவோரக் கடையில் நின்று பார்த்தேன். அந்தப் பெண்மணி ஈர மாவைச் சல்லடையில் தேய்த்து, எண்ணெய் தடவாத சூடான கல்லில் வட்டமாகத் தூவினார். பொடியாகக் கிடந்த மாவு அரை நிமிடத்தில் தானாகவே ஒட்டி, வெள்ளை ஆப்பம்போல எழுந்துவந்தது. துருவிய தேங்காயும் சுட்ட பாலாடைக்கட்டியும் வைத்து மடித்துக் கொடுத்தார். அதற்குப் பெயரும் ‘டாப்பியோக்கா’தான்.

நம் கொல்லாமரமும், அதாவது முந்திரியும், அந்த மண்ணிலிருந்து வந்ததே. நாம் அண்டியை எடுத்துக்கொண்டு கொல்லாம்பழத்தைப் பெரும்பாலும் வீணாக்குகிறோம். அவர்களோ பழத்தைப் பிழிந்து சாறாக்கி வீடெங்கும் குடிக்கிறார்கள். அவசியம் குடித்துப் பாருங்கள்.

கேள்வி: புறப்படுவதற்கு முன் எதை மறக்கக்கூடாது? (வாசகர், தக்கலை)

விசாவுக்கு அடுத்தபடியாக, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பே, அரசு அங்கீகரித்த மையத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். சான்றிதழ் இல்லாமல் பிரேசிலிலிருந்து திரும்பினால், இந்திய விமான நிலையத்திலேயே தனிமைப்படுத்த நேரிடும். மற்றபடி, ஊருக்குள் போகும் கடைசித் தூரம் மணல்வழி என்பதால், சக்கரம் வைத்த பெட்டியைவிடத் தோளில் மாட்டும் பையே உதவும்.

கேள்வி: அங்குள்ள மீனவர்களின் படகு நம் கட்டுமரத்தைப் போன்றது என்கிறார்களே, உண்மையா? (வாசகர், குளச்சல்)

உண்மைதான். ஐந்தாறு மரங்களைப் பிணைத்து, முக்கோணப் பாய் கட்டிய அந்த மிதவைக்கு ‘ஜங்காடா’ என்று பெயர். இப்போது பெரும்பாலும் பலகையால் செய்கிறார்கள். நம் கரையோரம் சங்காடம் என்று வழங்கிய சொல்லைப் போர்த்துக்கீசியர் கேட்டு எடுத்துப்போய், அந்த மக்களின் மிதவைக்குச் சூட்டினார்கள்.

அந்தப் படகோட்டிகளை நான் பெரிதும் மதிப்பதற்கு வேறொரு காரணம் உண்டு. ஃபோர்டலேசா கரைக்குக் கப்பல்கள் நெருங்க முடியாத காலத்தில், தெற்கே விற்கப்பட்ட அடிமைகளை ஜங்காடாவில் ஏற்றித்தான் கப்பலுக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. 1881இல் படகோட்டிகள் அந்த வேலையைச் செய்ய மறுத்துவிட்டார்கள். அவர்களை வழிநடத்தியவர்களில் ஒருவரான பிரான்சிஸ்கோ ஜோஸே தோ நாசிமென்டோவை ‘கடலின் டிராகன்’ என்று அந்நாடு போற்றுகிறது. பிரேசில் முழுவதும் 1888இல் அடிமைமுறை ஒழிவதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, 1884இல், சியாரா அதை ஒழித்தது.

ஜெரிக்குப் போகும் வழியில் ஃபோர்டலேசாவில் ஒரு நாள் தங்க முடிந்தால், அவர் பெயரில் அமைந்த பண்பாட்டு மையத்தைப் பாருங்கள். மறுநாள் விடியற்காலையில் முகுரிப்பே கரைக்குப் போனால், ஜங்காடாக்கள் கரையேறுவதையும், வலையிலிருந்து எடுத்த மீன் பக்கத்திலேயே விலைபோவதையும் காணலாம்.