விழுங்கும்போது நாக்கு என்ன செய்கிறது? அல்ட்ராசவுண்ட் பதிவு பற்றிச் சில கேள்வி பதில்கள்

ஸ்பீச் தெரபி மாணவி: வாய்க்குள் எதையும் வைக்காமல் நாக்கு எப்படித் திரையில் தெரிகிறது, மேடம்?

மோவாய்க்கு அடியில் மெத்தென்று இருக்கும் இடத்தில் ஜெல் தடவி, ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்கும் கைக்கருவியான புரோபை வைக்கிறோம். ஒலி நாக்கின் தசை வழியாக மேலே போகும். மேற்பரப்பில் காற்றைத் தொட்டதும் கிட்டத்தட்ட முழுவதும் திரும்பிவிடும். அந்த எதிரொலிதான் வெள்ளைக் கோடாக, நாக்கின் மேல்விளிம்பாகத் தெரிகிறது. காற்றைத் தாண்டி ஒலி போகாததால் அண்ணம் சாதாரணமாகத் தெரியாது. ஆனால் ஒரு மிடறு தண்ணீர் விழுங்கச் சொல்லிப் பாருங்கள். தண்ணீரோ நாக்கோ அண்ணத்தோடு ஒட்டியிருக்கும் கணத்தில் நடுவே காற்று இல்லை. அண்ணத்தின் வளைவு பளிச்சென்று வந்துவிடும். அந்த ஃப்ரேமில் நிறுத்தி அண்ணத்தை வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

அதே மாணவி: படத்தின் இரு ஓரமும் கறுப்பாக இருக்கிறதே, மெஷின் கோளாறா?

கோளாறு இல்லை. முன்பக்கம் தாடை எலும்பின் நிழல், பின்பக்கம் நாக்கின் அடியில், கழுத்தின் மேல்பகுதியில் இருக்கும் ஹையாய்டு எலும்பின் நிழல். நுனிநாக்கு பெரும்பாலும் தாடை நிழலில் மறைந்துவிடும், அதனால் நுனியைப் பற்றி எதையும் அடித்துச் சொல்லாதீர்கள். ஹையாய்டு நிழல் நமக்கு உதவி செய்யும். விழுங்கும்போது அந்த எலும்பு மேலும் முன்னும் நகர்வதை நிழலை வைத்தே பின்தொடரலாம்.

பொறியியல் ஆய்வு மாணவர்: நொடிக்கு எத்தனை ஃப்ரேம் வேண்டும் மேடம்? என் மெஷினில் 30தான் வருகிறது.

30 போதாது தம்பி. ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்ததற்கும் 33 மில்லிநொடி இடைவெளி; பின்நாக்கு வேகமாக நகரும் கட்டம் அதற்குள் நழுவிவிடும். படம் பிடிக்கும் ஆழத்தைக் குறைத்துப் பாருங்கள். ஒவ்வொரு படமும் பல ஒலிக்கோடுகளால் ஆனது; ஒவ்வொரு கோட்டுக்கும் ஒலி போய்த் திரும்பி வர வேண்டும். உடல் திசுவில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 1540 மீட்டர். 8 செ.மீ. ஆழம் என்றால் போய்வர 16 செ.மீ., அதாவது ஒரு கோட்டுக்கு ஏறத்தாழ 104 மைக்ரோநொடி. ஒரு படத்துக்கு 100 கோடுகள் என்றால் நொடிக்கு 96 ஃப்ரேம் வரை கிடைக்கலாம். 16 செ.மீ. ஆழம் வைத்தால் அது பாதியாகிவிடும். பார்க்கும் கோணத்தைக் குறுக்கினாலும் கோடுகள் குறைந்து வேகம் கூடும். புதிய மெஷின் கேட்பதற்கு முன் இந்த இரண்டையும் செய்யுங்கள்.

பிசியோதெரபிஸ்ட் ஒருவர்: ஒரே ஆளிடம் எடுத்தாலும் அளவு ஒவ்வொரு முறையும் மாறுகிறது. என்ன தப்பு செய்கிறேன்?

பெரும்பாலும் புரோபைப் பிடிக்கும் விதம்தான் சார். விழுங்கும்போது வாயின் அடித்தளத் தசைகள் இறுகி புரோபையே கீழே தள்ளும். அதைத் தடுக்க நாம் அழுத்தினால் அதே தசைகள் நசுங்கி நாக்கின் தடிமன் குறைவாகக் காட்டும். தலையோடு புரோபைப் பிணைக்கும் ஹெட்செட் இருந்தால் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் ஜெல்லைத் தாராளமாகப் போட்டு, தோலை லேசாகத் தொட்டபடி பிடியுங்கள். அளவை புரோபிலிருந்து எடுக்காமல், வரைந்து வைத்த அண்ணத்திலிருந்து எடுங்கள். புரோப் நகர்ந்திருந்தால் அதிலேயே தெரிந்துவிடும். அப்புறம், தண்ணீரின் அளவு மாறக்கூடாது. 5 மி.லி. என்றால் எல்லா முறையும் சிரிஞ்சில் அளந்த 5 மி.லி. “இப்போது விழுங்குங்கள்” என்று சொல்லி விழுங்குவதும் தானாக விழுங்குவதும் ஒன்றல்ல, இரண்டையும் ஒரே கணக்கில் சேர்க்காதீர்கள். என்னைக் கேட்டால், மெஷினைப் பற்றிப் படும் கவலையில் பாதியையாவது இந்த விஷயங்களுக்குக் கொடுக்க வேண்டும்.

ஒரு மகள்: பக்கவாதத்துக்குப் பிறகு அப்பாவுக்கு அடிக்கடி புரை ஏறுகிறது. இந்த ஸ்கேன் எடுத்தால் போதுமா?

போதாதும்மா. நாக்கு உணவைத் திரட்டிப் பின்னால் தள்ளுவதை இது நன்றாகக் காட்டும். மூச்சுக்குழாய்க்குள் காற்று இருப்பதால், உணவு அங்கே இறங்குகிறதா என்பதை இதை நம்பிச் சொல்ல முடியாது. அதற்கு பேரியம் கலந்து கொடுத்து எக்ஸ்ரேயில் பார்க்கும் வீடியோஃப்ளூரோஸ்கோபியோ, மூக்கு வழியாக விடும் எண்டோஸ்கோபியோ தேவை. இருமலே வராமல் உள்ளே இறங்குவதும் உண்டு, அதனால் இருமல் குறைந்துவிட்டது என்று தள்ளிப்போடாதீர்கள். டாக்டரிடம் சொல்லி, விழுங்குதலில் பயிற்சி பெற்ற ஸ்பீச் தெரபிஸ்டைச் சீக்கிரம் பாருங்கள். பயிற்சி தொடங்கிய பிறகு, கதிர்வீச்சு இல்லாத இந்த ஸ்கேனை நாக்கின் முன்னேற்றம் பார்க்கத் திரும்பத் திரும்ப எடுக்கலாம்.

செவிலியர் ஒருவர்: பால் குடிக்கும் குழந்தையிடம் எடுக்க முடியுமா?

முடியும், குழந்தை குடித்துக்கொண்டிருக்கும்போதே எடுக்கலாம். மேற்கு ஆஸ்திரேலியாவில் டோனா கெட்டிஸ் குழுவினர் 2008-இல் வெளியிட்ட ஆய்வில் வாய்க்குள் உண்டாகும் வெற்றிடத்தையும் சேர்த்து அளந்தார்கள். நாக்கு கீழே இறங்கி வெற்றிடம் கூடும்போதுதான் பால் வருகிறது என்று அதில் தெரிந்தது.