மும்பை சவுண்ட் வேலைக்கு இந்தி வேண்டுமா? திருநெல்வேலித் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, சவுண்ட் கோர்ஸ் முடித்துவிட்டேன், சத்தத்தைப் பதிந்து வெட்டி ஒட்டுகிற புரோ டூல்ஸ் மென்பொருள் ஓட்டத் தெரியும், மும்பை அந்தேரியில் ஒரு ஸ்டூடியோவில் அசிஸ்டென்டாகக் கூப்பிடுகிறார்கள், ஆனால் இந்தி ஒரு வார்த்தை தெரியாது, சத்தத்துக்கு ஏது மொழி, வந்துவிடலாமா, எங்கே தங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் சாத்தூர்க்காரன். மும்பைக்கு வந்து பதினாறு வருஷம் ஆகிறது, வசனத்தைச் சுத்தம் செய்கிற டயலாக் எடிட்டில் ஆரம்பித்து இப்போது சவுண்ட் டிசைன் செய்கிறேன். வாருங்கள், தாராளமாக வாருங்கள். ஆனால் சத்தத்துக்கு மொழி கிடையாது என்று நம்பித்தான் நானும் ரயில் ஏறினேன், அது தப்பு என்று தெரிய எனக்கு நாலு மாதம் ஆனது.

ஒரு தொடரில் சாப்பாட்டுக் காட்சி. வீட்டுக்குள் ஃபேன் ஓட, வெளியே ஆட்டோ போக, படப்பிடிப்பிலேயே பதிவான வசனம். "கானா காயா?" என்று அம்மா மகனைக் கேட்க வேண்டும், சாப்பிட்டாயா என்று. நான் இரைச்சலை எல்லாம் எடுத்து, ஒவ்வொரு சொல்லையும் ஒட்ட வெட்டி, ஓரங்களில் சத்தம் மெல்ல ஏறி இறங்கும்படி ஃபேடு போட்டு, துடைத்த பித்தளைப் பாத்திரம் மாதிரி வைத்திருந்தேன். சீனியர் கேட்டார், நிறுத்தினார், மறுபடி போட்டார். பிறகு பழைய டேக்கைத் திறந்து, "கானா"வின் முதல் எழுத்தை மட்டும் திரை முழுக்கப் பெரிதாக்கினார். முதலில் "க்" என்று ஒரு வெடிப்பு. கடைசியில் "ஆ" அலை அலையாக. இரண்டுக்கும் நடுவில் மணல் தூவினது மாதிரி கொஞ்சம் காற்று. அந்த மணலை இரைச்சல் என்று நினைத்து நான் வெட்டி எறிந்திருந்தேன். அந்தக் காற்று இருந்தால் கானா என்றால் சாப்பாடு, இல்லாவிட்டால் ஒற்றைக்கண்ணன், தொண்டை அதிரச் சொன்னால் பாட்டு. நமக்கு எழுதும்போது மூன்றும் ஒரே க. அவர் என் உள்ளங்கையை என் வாய்க்கு முன்னால் வைக்கச் சொல்லி, சொல்லிப் பார், காற்று பட்டால்தான் சாப்பாடு என்றார். எனக்குக் கையில் படவே இல்லை. சினிமாவில் ஒரு ஃப்ரேம் என்பது விநாடியில் 24இல் ஒரு பங்கு, சுமார் 42 மில்லி விநாடி. அந்தக் காற்று மொத்தமே இரண்டு ஃப்ரேமைத் தாண்டாது. அந்த இரண்டு ஃப்ரேமைக் காதால் பிடிக்கத்தான் நீங்கள் இந்தி கற்றுக்கொள்ள வேண்டும், கடைக்காரரிடம் பேரம் பேச அல்ல. அதற்குத் தேவையான இந்தி தானாக வந்துவிடும்.

இதற்கு நான் கண்ட சுருக்கு வழி, வருவதற்கு முன்னாலேயே இந்தியை எழுதுகிற தேவநாகரி எழுத்தைப் படித்துவிடுவது. பேச வேண்டாம், இலக்கணம் வேண்டாம், எழுத்து மட்டும். காற்றோடு வரும் க-வுக்கும் காற்றில்லாத க-வுக்கும் அங்கே தனித்தனி எழுத்து இருக்கிறது, கண் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால் காதும் பிரித்துக் கேட்க ஆரம்பிக்கிறது. இந்தியில் "பல்" என்றால் கணம், அதையே காற்றோடு சொன்னால் பழம். இப்படி ஜோடி ஜோடியாக யாராவது இந்திக்காரரைச் சொல்லச் சொல்லி ஃபோனில் பதிந்து, ஹெட்ஃபோனில் கேட்டுப் பாருங்கள். ஒரு மாதம் போதும்.

சென்னையில் இருந்தால் இந்தத் தொல்லை இல்லையே என்று தோன்றும். வேலையின் தன்மையே வேறு, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். தமிழ்ப் படங்களில் இன்றும் பெரும்பாலும் டப்பிங்தான், நடிகர் ஸ்டூடியோவில் வந்து சுத்தமாகப் பேசிவிடுவார். இந்தியில் 2001இல் வந்த 'லகான்' படத்துக்குப் பிறகு சிங்க் சவுண்ட் பரவலானது, அதாவது படப்பிடிப்பில் பேசியதே கடைசி வரை போகும். அதனால் ஜெனரேட்டரும் காக்காயும் பக்கத்துக் கட்டட டிரில்லும் கலந்த வசனத்தை உட்கார்ந்து பிரித்தெடுக்கிற ஆளுக்கு இங்கே எப்போதும் வேலை இருக்கிறது. ஓடிடி வேலையில் அளவும் கறார். நெட்ஃபிளிக்ஸுக்குப் போவதென்றால் வசனத்தின் சராசரி லவுட்னெஸ், அதாவது காதுக்குக் கேட்கிற உரப்பு, அதை அளக்கும் எல்கேஎஃப்எஸ் அலகில் மைனஸ் 27, இரண்டு கூடலாம், இரண்டு குறையலாம், உச்சம் மைனஸ் 2 டெசிபெலைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மிக்ஸ், அதாவது எல்லாச் சத்தத்தையும் கலந்த கடைசிப் பதிவு, திரும்பி வரும்.

அப்புறம், உங்கள் தமிழ்க் காதைக் குறைவாக நினைக்காதீர்கள். இந்தித் தொடர்களின் தமிழ் டப்பிங் மும்பையிலும் நடக்கிறது. அங்கே டைம்லைனில் உட்காருகிற பல பேருக்கு ல, ள, ழ மூன்றும் ஒன்றாகத்தான் கேட்கும். எனக்கு அந்தக் காற்று எப்படிக் கேட்கவில்லையோ அப்படித்தான் அவர்களுக்கும். "கிளி" வர வேண்டிய இடத்தில் "கிழி" போய்விடாமல் பார்த்துச் சொன்னதற்காகவே எனக்கு முதல் வருஷம் நிறைய வேலை வந்தது.

தங்குவது பற்றி. ஸ்டூடியோக்கள் அதிகமும் அந்தேரி மேற்கு, ஓஷிவாரா, வெர்சோவா பக்கம். வாடகையும் அங்கேதான் கழுத்தை நெரிக்கும், புரோக்கருக்கும் டெபாசிட்டுக்கும் சேர்த்துப் பணம் வைத்துக்கொண்டு தனி வீடு தேட வேண்டும். முதல் வருஷம் அது வேண்டாம். தாராவியில் உங்கள் நெல்லைப் பக்கத்து ஆட்கள் பல தலைமுறையாக இருக்கிறார்கள், பங்கு அறை கிடைக்கும். ஆனால் சயான் பக்கம் எடுக்காமல் மாஹிம் பக்கமாகப் பாருங்கள். சயான் சென்ட்ரல் லைன், தாதரில் மாற வேண்டும். மாஹிமில் ஏறினால் அந்தேரிக்கு ஒரே வண்டி. இல்லாவிட்டால் காட்கோபர், 2014இல் இருந்து அங்கிருந்து வெர்சோவாவுக்கு மெட்ரோ ஓடுகிறது.

மிக்ஸ் நெருங்கினால் ராத்திரி வேலைதான். ஒரு மணி வாக்கில் கடைசி லோக்கல் போய்விடும், அடுத்தது நாலு மணி சுமாருக்கு. அந்த மூன்று மணி நேரம் ஸ்டூடியோ சோபாவில் படுத்திருக்கும்போது எனக்கு ஒரு விஷயம் நினைவுக்கு வரும். இந்தியாவின் முதல் பேசும் படமான 'ஆலம் ஆரா'வை 1931இல் இதே ஊரில் ரயில் பாதைக்குப் பக்கத்து ஸ்டூடியோவில், ரயில் ஓடாத இந்த நடுநிசி நேரமாகப் பார்த்துத்தான் எடுத்தார்கள், மைக்கில் ரயில் சத்தம் விழாமல் இருக்க. அதே கம்பெனிதான் அதே வருஷம் டி.பி. ராஜலட்சுமி நடித்த 'காளிதாஸ்' படத்தையும் எடுத்தது. நம் தமிழின் முதல் பேசும் படத்தின் குரல் பதிவானது பம்பாயில். அதை நினைத்தால் இந்த ஊர் எனக்கு அந்நியமாகத் தெரிவதில்லை.

பணம்: அசிஸ்டென்டாக இருக்கும் வரை மாதச் சம்பளம் வரும். ஃப்ரீலான்ஸ் ஆனதும் பில் கொடுத்து இரண்டு மூன்று மாதம் காத்திருப்பது வழக்கம். ஒரு இடத்தில் எனக்கு எட்டு மாதம் இழுத்து, பாதியைத்தான் கொடுத்தார்கள், எழுத்தில் எதுவும் வாங்காததால் கேட்க முடியவில்லை. வேலை தொடங்கும் முன் தொகை, தேதி, எத்தனை முறை திருத்தம் என்று மெயிலில் வாங்கிவிடுங்கள். தெரிந்தவராக இருந்தாலும் வாங்குங்கள். டிடிஎஸ், அதாவது பணம் தரும்போதே பிடிக்கிற வருமான வரி, அந்தக் கணக்கையும் வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்புவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது, இதை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். ரெக்கார்டர் ஒன்று இரவல் வாங்கி, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் தரத்தில் உங்கள் ஊரைப் பதிந்து கொண்டு வாருங்கள். தமிழ்க் கிராமம் என்று எழுதியிருக்கும் காட்சிக்கு இங்கே லைப்ரரியில் கிடைக்கிற டீக்கடைக் கூட்டச் சத்தத்தில் யாராவது இந்தியில் "பையா", அண்ணே என்று கூப்பிட்டுவிடுவார்கள், பஸ் ஸ்டாண்டில் மராத்தி கேட்கும். எனக்கு நம் ஊர் சத்தம் வேண்டும். தாமிரபரணிப் படித்துறையில் துணி அடிப்பது, மதியம் ஆளில்லாத தெரு, பனங்காட்டில் காற்று, கோயில் உண்டியலுக்குப் பக்கத்து மண்டபம், ராத்திரி மழை விட்ட பிறகு ஓட்டில் சொட்டுவது. ஒவ்வொன்றும் குறைந்தது ஐந்து நிமிடம், ரெக்கார்டரைக் கையில் பிடிக்காமல் எங்காவது வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, பேசாமல் நில்லுங்கள். இடமும் நேரமும் முதலில் உங்கள் குரலில் சொல்லிவிடுங்கள். வந்ததும் நானும் உங்களோடு உட்கார்ந்து கேட்கிறேன்.