ரோஜாச் செடியை எப்போது, எவ்வளவு கவாத்து செய்ய வேண்டும்?

"சென்னை. ஐப்பசி முதல் வாரத்தில் மாடியில் இருந்த ஆறு தொட்டி ரோஜாவையும் அரை அடி உயரத்துக்கு வெட்டினேன். மூன்று செடி துளிர்க்கவே இல்லை. குச்சி நுனியிலிருந்து கறுத்துக்கொண்டே இறங்குகிறது. என்ன தவறு?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கவாத்து செய்தது தவறில்லை. நாளும் அளவும்தான் உங்கள் ஊருக்குப் பொருந்தவில்லை. ஏதாவது காணொளி பார்த்து வெட்டியிருந்தால் அது டெல்லிப் பக்கத்தினுடையதாக இருக்கும். அங்கே மழை செப்டம்பரோடு விடைபெற்றுவிடும். அக்டோபர் இரண்டாம், மூன்றாம் வாரத்தில் வானம் காய்ந்து, வெயில் தணிந்து, குளிர் எட்டிப் பார்க்கும். ரோஜாவை வெட்ட அதைவிட நல்ல நாள் கிடையாது. சென்னையில் அதே வாரத்தில்தான் வடகிழக்குப் பருவமழை இறங்குகிறது. ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை என்று சும்மா சொல்லவில்லை. புதிதாக வெட்டிய குச்சி நுனி நாள்கணக்கில் ஈரமாகவே இருந்தால் நுனிக்கருகல் பூஞ்சை அந்த வெட்டு வழியாகவே உள்ளே இறங்கும். தப்பித்துத் துளிர்த்த இலையைக் கரும்புள்ளி நோய் பிடிக்கும். கரும்புள்ளிப் பூஞ்சையின் வித்து முளைக்க இலை தொடர்ந்து ஏழு மணி நேரம் நனைந்திருந்தால் போதும். கார்த்திகை மாதத்தில் சென்னையில் எந்த இலை ஏழு மணி நேரம் காய்ந்திருக்கிறது?

வேளாண் பல்கலைக்கழகமே அக்டோபர் என்கிறதே என்று சிலர் சொல்லக்கூடும். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. மூன்று மாத இடைவெளி அது. மாநிலம் முழுமைக்கும் சேர்த்துச் சொன்னது. அந்த மூன்று மாதத்துக்குள் உங்கள் ஊர் மழையைப் பார்த்து, வெட்டும் நாளைத் தேர்ந்தெடுக்க வேண்டியது நீங்கள்தான். சென்னை, கடலூர், நாகை போன்ற கடலோரத்தில் மார்கழி பிறந்த பிறகு, மழை ஓய்ந்தது உறுதியானதும் வெட்டுங்கள். ஒரு வாரம் தள்ளினாலும் நட்டமில்லை. வெட்டியதிலிருந்து பூவுக்கு ஏறக்குறைய 45 முதல் 50 நாள் ஆகும், ஆக தை கடைசியிலோ மாசியிலோ செடி நிறையப் பூக்கும். கோவை, தருமபுரி, கிருஷ்ணகிரி போன்ற உள் மாவட்டங்களில் கடலோரம் போல நாள்கணக்கில் அடைத்துப் பெய்வது குறைவு. நான்கைந்து நாள் தொடர்ந்து வெயில் கிடைத்தால் நவம்பரிலேயே வெட்டலாம். ஊட்டி, கொடைக்கானலில் கணக்கே வேறு. அங்கே உறைபனிக்கு முன் வெட்டினால் இளந்துளிர் கருகிப்போகும். பனி கழியும்போது வெட்டினால் கோடைச் சீசனுக்குப் பூ நிற்கும். எந்த ஊரானாலும் பங்குனி முதல் ஆனி வரை பெரிய கவாத்து வேண்டாம். இலை நிழல் இழந்த குச்சியில் வெயில் நேராக விழுந்து பட்டை வெந்து வெடிக்கும்.

இனி அளவு. அரை அடி என்பது பனி கொட்டும் நாடுகளின் அளவு. அங்கே குளிரில் குச்சிகள் எப்படியும் செத்துவிடும், உயிருள்ள கட்டை வரை வெட்டித்தான் ஆக வேண்டும். செடி இலையை உதிர்த்து மாதக்கணக்கில் உறங்கிவிட்டுச் சேமித்த உணவோடு எழும். நம் சமவெளியில் ரோஜா உறங்குவதே இல்லை. இலை அன்றன்று சம்பாதிப்பதில்தான் அதன் பிழைப்பு. மொத்த இலையையும் எடுத்துவிட்டால் சமைக்க ஆளில்லாத வீடாகிவிடும். வலுவான செடி இருப்பதை வைத்துத் துளிர்த்துவிடும். 10 அங்குலத் தொட்டியில் வேர் நெருங்கி நிற்கும் செடி அப்படியே அடங்கிப்போகும். உங்கள் ஆறில் மூன்று பிழைத்து மூன்று நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். பல்கலைக்கழகப் பரிந்துரையும் சென்ற பருவக் கிளையைப் பாதி நீளத்துக்கு வெட்டு என்பதுதான். தொட்டிச் செடிக்கு மூன்றில் ஒரு பங்கு எடுத்தால் போதும் என்பேன். நட்டு ஓராண்டு ஆகாத செடியில் காய்ந்ததையும் நோஞ்சானையும் மட்டும் எடுங்கள், வேறு எதையும் தொட வேண்டாம்.

வெட்டும் முறையில் ஆட்கள் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள். முதலில் காய்ந்த குச்சி, கறுத்த குச்சி. உள்ளே வெள்ளையாகவோ இளம்பச்சையாகவோ தெரியும் வரை இறங்கி வெட்டுங்கள். நடுவில் பழுப்பு வட்டம் தெரிந்தால் இன்னும் ஒரு கணு கீழே போங்கள். அடுத்து ஒன்றையொன்று உரசும் கிளைகளில் மெலிந்ததை எடுங்கள். பிறகு பென்சிலை விட மிக மெல்லிய, செடியின் நடுவை அடைக்கும் குச்சிகள். மூன்று நான்கு ஆண்டான, பட்டை வெடித்த கட்டை இருந்தால் ஆண்டுக்கு ஒன்றை மட்டும் அடியோடு எடுங்கள், அப்போதுதான் அடியிலிருந்து புதுக்கிளை வரும். மிச்சத்தை, வெளிப்பக்கம் பார்க்கும் ஒரு மொட்டுக் கண்ணுக்கு (கணுவில் துளிர் புறப்படும் சிறு புடைப்பு) கால் அங்குலம் மேலே வெட்டுங்கள். அதைவிட உயரத்தில் வெட்டினால் மிஞ்சிய துண்டு காய்ந்து கருகலுக்கு வாசலாகும், அதைவிடத் தாழ்ந்தால் கண்ணே காய்ந்துவிடும். 45 பாகைச் சாய்வு இல்லையென்றால் செடி போய்விடும் என்பதெல்லாம் மிகை. இங்கிலாந்தில் ராயல் தேசிய ரோஜா சங்கம் தன் தோட்டத்தில் ஒரு பகுதியை முறைப்படியும் ஒரு பகுதியை வேலி வெட்டும் எந்திரத்தால் மட்டமாகவும் வெட்டிப் பார்த்தது. மட்டமாக வெட்டியவை பூப்பதில் பின்தங்கவில்லை. சாய்வை விட முக்கியம் கத்தரியின் கூர். இரண்டு அலகும் ஒன்றையொன்று உரசிக் கடந்து போகும் கத்தரியாக வாங்குங்கள். தட்டையான அலகின் மேல் இன்னொன்று வந்து அழுத்தும் வகை குச்சியை நசுக்கும். நசுங்கிய இடத்தில்தான் கருகல் தொடங்கும். ஒரு செடி முடித்து அடுத்த செடிக்குப் போகும் முன் அலகை ஸ்பிரிட்டில் துடையுங்கள்.

வெட்டுவாயில் பூஞ்சை இறங்காமல் இருக்கப் பூச போர்டோ பசை. 10 கிராம் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) 50 மில்லி நீரிலும், 10 கிராம் சுட்ட சுண்ணாம்பை 50 மில்லி நீரிலும் தனித்தனியே கரைத்து ஒன்றாக ஊற்றிக் கலக்குங்கள். பாத்திரம் பிளாஸ்டிக்கோ மண்ணோ ஆக இருக்கட்டும், இரும்பு கூடாது. துருவில்லாத இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் நனைத்துப் பார்த்தால் செம்பு நிறம் ஏறக் கூடாது. ஏறினால் சுண்ணாம்பு போதவில்லை. அன்றே பூசிவிடுங்கள், மறுநாளுக்கு வைக்க வேண்டாம். ஆறு தொட்டிக்கு இவ்வளவு எதற்கு என்றால் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லிப் பொடியைக் கொஞ்சம் நீரில் குழைத்துப் பூசினாலும் சரி. மஞ்சள் பூசுவதில் கெடுதல் இல்லை. ஆனால் ஈரத்தில் வெட்டிய தவற்றை மஞ்சள் சரிசெய்யாது.

எல்லா ரோஜாவுக்கும் ஒரே வெட்டு கிடையாது. பன்னீர் ரோஜாவையும் எட்வர்ட் ரோஜாவையும் தாழ வெட்டவே வேண்டாம். ஒன்றரை, இரண்டு அடிக்குக் குறையாமல் விடுங்கள். நீளமாக ஓடிய குச்சியை வெட்டாமல் வளைத்துக் கட்டினால் கணுவுக்குக் கணு பக்கத்துளிர் எழுந்து பூக்கும். பட்டன் ரோஜாவைக் கண் பார்த்துக்கொண்டெல்லாம் இருக்க வேண்டாம், மேலே மூன்றில் ஒரு பங்கை மட்டமாகச் சீவிவிடுங்கள். ஓசூர்ப் பக்கத்து ஒட்டுச்செடி என்று கடையில் வாங்கும் பெரிய பூ ரகங்களுக்குத்தான் மேலே சொன்ன முறை முழுதாகப் பொருந்தும்.

இதில் ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். "ஏழு இலை இருந்தால் காட்டுத் தளிர், வெட்டி எறி" என்று ஒரு பாடம் ஊரெல்லாம் சுற்றுகிறது. அதை நம்பி எத்தனை பேர் நல்ல அடிக்கிளையை வெட்டியிருக்கிறார்கள்! பன்னீர் ரோஜாவுக்கே ஐந்தும் வரும், ஏழும் வரும். வீரியமாக வளரும் ஒட்டு ரகத்திலும் ஏழு சிற்றிலை வரும். எண்ணாதீர்கள், எங்கிருந்து புறப்படுகிறது என்று பாருங்கள். ஒட்டுக் கட்டிய முடிச்சுக்குக் கீழிருந்தோ வேரிலிருந்தோ வந்தால்தான் அது வேர்ச்செடியின், அதாவது ஒட்டுக்கு அடியில் வேருக்காக இருக்கும் வேறு ரோஜாவின், தளிர். வேர்ச்செடி மல்டிஃபுளோரா வகையானால் இலைக்காம்பின் அடியில் இருக்கும் சிறு செதில் சீப்புப் பல் போலக் கிழிந்திருக்கும், அதுவே நல்ல அடையாளம். அந்தத் தளிரையும் கத்தரியால் வெட்டாமல் மண்ணை விலக்கிப் பிறந்த இடத்திலிருந்து இழுத்துப் பிய்த்தெடுங்கள். வெட்டினால் அடியில் இருக்கும் கண்கள் நாலாகக் கிளம்பும்.

கேட்காததையும் ஒன்று சொல்லிவிடுகிறேன், மனது கேட்கவில்லை. இணையத்தில் நீல ரோஜா விதை, வானவில் ரோஜா விதை என்று பாக்கெட் போட்டு விற்கிறார்கள். நீலத்துக்கு வேண்டிய டெல்பினிடின் நிறமியை ரோஜா தானாக உண்டாக்காது. ஜப்பானில் சன்டோரி நிறுவனம் மரபணு மாற்றி 2009 இல் விற்பனைக்குக் கொண்டுவந்த பூவே இளம் ஊதா நிறம்தான். விதையிலிருந்து வரும் ரோஜா தாய்ச்செடியின் பூவைத் தருவதும் இல்லை. தோட்டம் போட ஆசைப்பட்டு வருகிறவர்களின் முதல் அனுபவமே இப்படி ஏமாற்றமாக முடிவது பொறுக்கவில்லை.

கவாத்து முடிந்தபின் பலர் செய்யும் தவறு தண்ணீர். இலை குறைந்த செடி முன்பு குடித்த அளவு குடிக்காது. பழைய கணக்கில் தினமும் ஊற்றினால் வேர் அழுகும். விரலை இரண்டு அங்குலம் உள்ளே விட்டு, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். உரத்துக்கும் அவசரம் வேண்டாம். மொட்டுக் கண் சிவந்து புடைக்கும்போது, அதாவது 8, 10 நாள் கழித்து, 12 அங்குலத் தொட்டிக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரம், ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு, ஒரு மேசைக்கரண்டி எலும்புத் தூள் போட்டு மேல்மண்ணைக் கிளறுங்கள். செடி மொட்டையாக இருக்கும் இந்த நாள்களில்தான் குச்சியில் ஒட்டியிருக்கும் செதில் பூச்சி கண்ணுக்குத் தெரியும். பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்துவிடுங்கள். அதன்பின் ஆண்டு முழுதும் நடக்கும் சின்னக் கவாத்து பூப் பறிப்பதுதான். பூவின் கழுத்தை மட்டும் கிள்ளினால் மிஞ்சும் காம்பு கறுக்கும். ஐந்து சிற்றிலை உள்ள முதல் இலைக்கு மேலே கத்தரித்து எடுங்கள்.

இப்போது உங்கள் மூன்று செடிக்கு. மழை படாத, வெளிச்சம் உள்ள இடத்துக்கு நகர்த்துங்கள். மழையில்லாத ஒரு காலையில் கறுத்த பகுதிக்குக் கீழே, நல்ல கட்டை தெரியும் வரை வெட்டிப் பசை பூசுங்கள். பிறகு அடிப்பகுதியில் நகத்தால் பட்டையைச் சுரண்டுங்கள். பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது, தை முடியும் வரை பொறுங்கள், உரம் எதுவும் போடாதீர்கள். ஒட்டு முடிச்சுக்கு மேலே சுற்றிலும் பழுப்பாக இருந்தால் அந்தச் செடி திரும்பாது, கீழிருந்து எது துளிர்த்தாலும் அது வேர்ச்செடிதான். மண்ணைக் கொட்டி வெயிலில் காயவைத்துவிட்டு, மார்கழியில் புதுச்செடி வையுங்கள். துளிர்த்த மூன்றையும் இந்த ஆண்டு மறுபடி வெட்ட வேண்டாம்.