ஊர்ப் பெயர் எழுத்தெழுத்தாகப் பிரிவது ஏன்?

வணக்கம். குன்னூர், கோத்தகிரி மழைக்கணக்கை எடுக்கும் பைத்தான் ஸ்கிரிப்டில் '--ஊர் குன்னூர்' என்று கொடுத்தால் பெயர் எழுத்தெழுத்தாகப் பிய்ந்து வருகிறது என்கிறீர்கள். '--ஊர்' என்பதை வரையறுக்கும் வரியில் 'டைப்=லிஸ்ட்' (type=list) என்று போட்டிருக்கிறீர்களே, வினை அதுதான். கட்டளையோடு கொடுக்கும் சொற்களைப் படித்துத் தரும் பைத்தான் நிரல்தொகுதியான ஆர்க்பார்ஸ் (argparse) அந்தச் சொல்லை அப்படியே, பட்டியலாக மாற்றும் லிஸ்டிடம் தள்ளும். அது க, ு, ன, ் என்று புள்ளியைக்கூட விடாமல் பிரித்துப்போடும்.

அதை எடுத்துவிட்டு 'என்ஆர்க்ஸ்="+"' (nargs="+", அதாவது ஒன்றோ அதற்கு மேலோ பெயர் வரலாம்) போடுங்கள். அப்புறம் '--ஊர் குன்னூர் கூடலூர் "கீழ் கோத்தகிரி"' என்று இடைவெளி விட்டுக் கொடுத்தால் சரி, காற்புள்ளி வேண்டாம். இரண்டு சொல் பெயருக்கு மட்டும் மேற்கோள்குறி கட்டாயம். இல்லாவிட்டால் கீழ் ஓர் ஊர், கோத்தகிரி ஓர் ஊர் ஆகிவிடும்.

ஸ்கிரிப்டுக்குக் கோப்புப் பெயரும் கொடுப்பதாக இருந்தால் அதை '--ஊர்' என்பதற்கு முன்னாலேயே எழுதுங்கள். பின்னால் வைத்தால் அதையும் ஓர் ஊராக விழுங்கிவிட்டு, கோப்பு எங்கே என்று உங்களையே கேட்கும்.