சிக்கலான இயற்கைக் காட்சியை மூளை எப்படிப் புரிந்துகொள்கிறது?

இயற்கைக் காட்சி என்பது காடு, தெரு, கூட்டம் என ஒளியும் நிழலும் பொருள்களும் ஒன்றையொன்று மறைத்தபடி கண்ணில் விழும் எந்தக் காட்சியையும் குறிக்கும். விழித்திரையில் ஒளியை உணரும் செல்கள் ஏறத்தாழ 12 கோடி இருக்க, அவற்றின் செய்தியை மூளைக்குக் கொண்டுசெல்லும் நரம்பிழைகளோ சுமார் 10 லட்சம்தான். ஆகவே சுருக்கியாக வேண்டும். காட்சியில் அருகருகே உள்ள புள்ளிகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால், விழித்திரை ஒளி மாறும் இடங்களுக்கே முதன்மை தருகிறது. ஓவியர் வானத்தை விட்டுவிட்டு மலையின் விளிம்பை மட்டும் கோடாக இழுப்பதைப் போன்றது இது. மூளையின் பின்பகுதியில் உள்ள செல்கள் பல, குறிப்பிட்ட சாய்வுள்ள விளிம்புகளுக்கே வலுவாகத் துடிக்கின்றன என்று காட்டிய டேவிட் ஹூபெல், டார்ஸ்டன் வீசல் இருவரும் 1981-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். அடுத்தடுத்த பகுதிகள் இந்த விளிம்புகளை வடிவமாகவும் முகமாகவும் இடமாகவும் இணைக்கின்றன. என்னை மிகவும் வியக்கவைப்பது எதிர்த்திசை ஓட்டம்: முன்னனுபவம் தரும் எதிர்பார்ப்பு மேல்நிலைப் பகுதிகளிலிருந்து கீழிறங்கி, இலைகளுக்கிடையே பாதி மறைந்த விலங்கையும் முழு விலங்காகவே உணரச் செய்கிறது.

கண் கேமராவைப் போல முழுக் காட்சியையும் ஒரே தெளிவில் பதிவுசெய்கிறது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் மிகக் கூர்மையாகத் தெரிவது நீட்டிய கையின் கட்டைவிரல் நகமளவுப் பகுதி மட்டுமே, மற்றவற்றைக் கண் நொடிக்கு ஏறத்தாழ 3 முறை தாவித் தாவித் திரட்டுகிறது.