கேபின் ஹீட்டரைத் திறந்தால் புகை வாடை, முழு த்ராட்டிலில் ஆர்.பி.எம். குறைவு: வீட்டில் கட்டிய விமானத்தில் எக்ஸாஸ்ட் பழுதை எப்படிக் கண்டுபிடிப்பது?

இரண்டு அறிகுறியும் சேர்ந்து வந்தால் என் முதல் சந்தேகம், எக்ஸாஸ்ட் சத்தத்தைக் குறைக்கும் பெட்டியான மஃப்ளர் மேல்தான். உள்ளே இருக்கும் தடுப்புத் தகடு உடைந்து வாயை அடைத்தால் எஞ்சின் மூச்சு முட்டும். வெளி ஓடு விரிசல் விட்டிருந்தால், அதைச் சுற்றி இருந்து கேபின் காற்றைச் சூடாக்கும் ஹீட்டர் உறை வழியாகப் புகை கேபினுக்கு வரும். கண்டுபிடிக்கும்வரை பறக்க வேண்டாம். ஹீட்டரை மூடிவிட்டால் போதும் என்பது தப்புக்கணக்கு. எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவே தடுப்பாக நிற்கும் ஃபயர்வாலில் உள்ள ஓட்டைகள் வழியாகவும் புகை நுழையும். அந்தப் புகையில் உள்ள நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது, அதனால் மூக்கை நம்பாதீர்கள்.

எஞ்சின் ஆறியதும் அதன் மேல்மூடியான கவுலிங்கைக் கழற்றுங்கள். உடனே துணியை எடுத்துத் துடைக்கக் கூடாது, அழுக்குதான் சாட்சி. ஈயம் கலந்த பெட்ரோல் என்றால் கசிவிடத்தில் வெளிர்சாம்பல் தூள் படிந்திருக்கும். ஈயமில்லாததில் கருப்புக் கரி. பக்கத்து வயர் உறை இறுகியிருக்கிறதா, கவுலிங்கின் உள்பெயின்ட் கருகியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஹீட்டர் உறையைக் கட்டாயம் கழற்ற வேண்டும். பலர் விட்டுவிடும் இடம் அது, விரிசல் ஒளிந்திருப்பதும் அங்கேதான்.

அடுத்தது சோப்புநுரைச் சோதனை. இக்னிஷன் ஆஃப், ப்ரொப்பெல்லர் பக்கம் யாரும் நிற்கக் கூடாது. வாக்குவம் கிளீனரின் காற்று வெளியேறும் பக்கத்தில் குழாயை மாட்டி, புகை வெளியேறும் கடைசிக் குழாயான டெயில்பைப்பில் செருகித் துணியால் அடையுங்கள். கம்ப்ரஸரை நேரடியாகக் கொடுக்காதீர்கள். சோப்புநீரை எல்லா வெல்டிங், ஃபிளாஞ்ச் (நட்டு போட்டு இணைக்கும் விளிம்பு) மீதும் பிரஷால் தடவுங்கள். ஒரு குழாய் இன்னொன்றுக்குள் நுழையும் ஸ்லிப் ஜாயின்டில் கொஞ்சம் நுரை வருவது இயல்பு. சூட்டில் விரிந்ததும் அது இறுகிவிடும். வெல்டிங் ஓரத்திலோ குழாய் உடம்பிலோ குமிழ் வந்தால் விரிசல். மஃப்ளரை ரப்பர் சுத்தியலால் தட்டி, கலகலப்பு கேட்கிறதா பாருங்கள். டெயில்பைப் வழியே போரோஸ்கோப்பும் (உள்ளே பார்க்கும் சிறு கேமரா) விடுங்கள். உடைந்த தகடு இடம் மாறிக்கொண்டே இருக்கும், அதனால் ஒருநாள் ஓட்டம் சரியாக இருந்தது என்பது ஒன்றையும் நிரூபிக்காது.

விரிசலை வெல்டிங் செய்துவிட்டு மறப்பதுதான் பெரிய தவறு. ரப்பர் மவுண்டில் எஞ்சின் ஆடும்; எக்ஸாஸ்டும் அதோடு ஆட வேண்டும். டெயில்பைப் பிராக்கெட்டை ஃபயர்வாலில் இறுக்கக் கட்டியிருந்தால் ஏதாவது ஓரிடத்தில் உடைந்தே தீரும். ஃபிளாஞ்ச் கழுத்தில் வெடித்திருந்தால் நட்டுகளைத் தளர்த்திப் பாருங்கள்: குழாய் துள்ளி விலகினால், பொருந்தாததை நட்டால் இழுத்துப் பிடித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். துரு இறுகிய ஸ்லிப் ஜாயின்ட், ஸ்பிரிங் முழுதாக அமுங்கும் அளவுக்கு முறுக்கிய பால் ஜாயின்ட் (பந்துபோல் திரும்பும் இணைப்பு), இரண்டும் அந்த ஆட்டத்தைத் தடுத்து அதே வேலையைச் செய்யும். இன்னொன்று, ஸ்டெயின்லெஸ் குழாயில் பென்சிலால் குறி போடாதீர்கள். சூட்டில் பென்சில் கரி உலோகத்துக்குள் இறங்கி, அந்தக் கோட்டிலேயே வெடிக்கும்.

விரிசல் நுனியில் துளை போடுவது பழுதுபார்ப்பு ஆகாது. டிக் (TIG) வெல்டிங்தான் வேண்டும், அதுவும் குழாய்க்குள் ஆர்கான் வாயு நிரப்பி. இல்லாவிட்டால் உள்பக்கம் சர்க்கரைபோல் பொரிந்து மறுபடி விரியும். தகடு மெலிந்தோ உப்பியோ இருந்தால் வெல்டிங் வீண், மாற்றிவிடுங்கள். இணைப்புக்கு நடுவே வைக்கும் கேஸ்கெட்டைக் கழற்றினால், அதையே திரும்பப் போடாதீர்கள். முதல் ஓட்டத்துக்குப் பின் ஆறவிட்டு, எஞ்சின் கையேட்டில் உள்ள டார்க் (முறுக்கு) அளவுக்கு நட்டுகளை மறுபடி சரிபார்த்து, அதே சோப்புச் சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள்.